எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்

ஒன்பது வருஷமாக எங்கள் சங்கக் கூட்டத்தில் என் கையைத் தூக்கியது, ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் பெரியக்கா. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்று தலைவர் சொன்னதும் பெரியக்கா தன் வலது கையைத் தூக்குவார். இடது கையால், பக்கத்தில் இருக்கும் என் மணிக்கட்டைப் பிடித்து அதையும் தூக்குவார். எண்ணி முடித்ததும் இரண்டையும் சேர்த்து இறக்குவார். பார்ப்பவர்கள் நெகிழ்ந்து போவார்கள். கணக்குப் பார்த்தால் பெரியக்காவுக்கு இரண்டு ஓட்டு, எனக்கு ஒன்றுமில்லை. இதை ஒருத்தராவது கவனித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை, வார விடுமுறையை மாற்றும் தீர்மானத்தின்போது, எனக்கு இது வேண்டாம் என்று அவர் காதோடு சொன்னேன். "ஊரோடு ஒத்து வாழணும் கண்ணு, எல்லாரும் தூக்கறாங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே என் கையைத் தூக்கிவிட்டார். அந்த அரை நிமிஷம் பட்ட அவமானம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அவர்மேல் கோபப்படவும் முடியாது. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஸ்ட்ராவை வாயில் வைப்பவர் அவர். மூக்குக் கண்ணாடி சரிந்தால் ஏற்றிவிடுபவர் அவர். சொந்த அக்காவாக இருந்தாலும் இவ்வளவு செய்வாளா என்று ஆபீஸே பேசும். நல்லவர்கள் செய்யும் அநியாயத்துக்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

எனக்குத் தசைகளில் ஒரு வியாதி. டாக்டர் சொல்லும் பெயர் நீளம்; எழுதினால் ஒரு வரி போய்விடும். பதினாறு வயதில் தோளில் ஆரம்பித்தது. தோள், மேற்கை, இடுப்பு, தொடை என்று ஒவ்வொன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. விரல்கள் மட்டும் இன்னும் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன. மேஜைமேல் கையை எடுத்து வைத்துவிட்டால் யாரையும்விட வேகமாகத் தட்டச்சு செய்வேன். ஆனால் மேஜையிலிருந்து முகம்வரை அந்தக் கையைத் தூக்க முடியாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மற்றவர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். எனக்கு அது மதியச் சாப்பாடு.

வேலை, பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது. தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் சங்கம். பதினாறு வண்டி, ஐந்து வழித்தடம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஓட்டுநர் எங்கே டீ குடிப்பார், பாலத்துக்கு எத்தனை நிமிஷம், மழை நாளில் எத்தனை நிமிஷம் என்று எல்லாம் என் அட்டவணையில் இருக்கும். கம்ப்யூட்டர் போடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போடும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கும்போது ஒரு பிள்ளையாவது பையை வண்டியில் விட்டுவிட்டு அழும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் என் அறை கீழ்த்தளத்தில், பணிமனை வாசலை ஒட்டி இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் என் ஜன்னலில் ஒரு குறையைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் எனக்கு வைத்த பெயர் நிமிஷம். சத்தமாகப் பேசுவதால் நான் ஹாரன் என்று பெயர் வைத்த மூன்றாம் தட ஓட்டுநர், "நிமிஷம், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ரெண்டு குடு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். நான் திட்டுவேன், பிறகு கொடுப்பேன். என் வேலை என்பது பாதிக்குமேல் இந்தத் திட்டுதான்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. ஓட்டுநர்கள் படுத்து இளைப்பாற ஓர் அறை வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கை, எனக்கு அதில் சண்டையில்லை. என் அறையை அதற்குக் கொடுத்துவிட்டு அட்டவணைப் பிரிவை மாடிக்கு மாற்றலாம் என்று தலைவர் ஒரு தீர்மானம் எழுதினார். மாடிக்கு இருபத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. என் சக்கர நாற்காலி? அதற்கும் வழி யோசித்துவிட்டார்களாம். நான் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமாம். எனக்கும் சௌகரியமாம்.

என் சௌகரியம் எனக்குத் தெரியும். முந்தைய வருஷம் நிமோனியா வந்து ஏழு வாரம் வீட்டில் கிடந்தேன். காலை எட்டு மணிக்கு அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனால் மாலை ஆறுவரை எனக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு குழாய். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் நானும் குழாயும் பேச ஆரம்பித்திருப்போம். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை ஆபீஸ் திரும்பக் கூப்பிடாது. முதலில் போன் வரும், பிறகு மெயில் வரும், பிறகு புத்தாண்டு வாழ்த்து வரும். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அது என் சுபாவம்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால்தான் எனக்குக் கைத்தாங்கி வந்தது. பார்க்க அதிசயமாக ஒன்றும் இருக்காது. நாற்காலியின் வலப்பக்கம் திருகிய வளைந்த கம்பி, முன்கையை வைக்க ஒரு தொட்டில், ஒரு பட்டி, முழங்கைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். மோட்டார் கிடையாது. ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்ற ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண் போட்ட திருகு. பொருத்த வந்தவர் அதிகம் பேசாதவர். காய்கறிக் கடையில் பூசணியைத் தூக்கிப் பார்ப்பதுபோல் என் கையைத் தூக்கிப் பார்த்தார். சட்டையோடு ஐந்து, கனத்த கோட்டோடு ஏழு என்று எழுதி ஒட்டினார். "உங்க கையோட எடையை ஸ்பிரிங் சுமக்கும். எடை மாறினா எண்ணை மாத்தணும். மறந்தீங்கன்னா கை உங்க பேச்சைக் கேக்காது" என்றார். திருகு இருக்கும் இடம் எனக்கு எட்டாது. காலையில் அண்ணிதான் வைத்துவிடுவார்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணி வழக்கம்போல் ஸ்பூனை நீட்டினார். நான் அதைக் கையால் நகர்த்தினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு பொருளை நகர்த்தியது அதுதான் முதல் தடவை. பிறகு நானே ஸ்பூனை எடுத்தேன். பாதி மடியில் விழுந்தது, கால்வாசி தாடையில், மீதி வாயில். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுவதற்கு என்ன இருக்கிறது, துடைக்க ஒரு துணி கொண்டு வாங்க என்றேன். துடைத்து முடித்ததும் அடுத்த ஸ்பூனை எடுத்தேன்.

ஆபீஸில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நானே தண்ணீர் குடித்துக் காட்டினேன். பெரியக்காவும் கைதட்டினார். தட்டிவிட்டு, "இனிமே எனக்கென்ன வேலை" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அது என் மனதில் குத்தியது. ஆனாலும் பாட்டிலை அவர் கையில் திரும்பக் கொடுக்கவில்லை.

கூட்டத்தன்று காலையிலிருந்து மழை. அண்ணனின் பழைய கோட்டை அண்ணி மாட்டிவிட்டார். அந்தக் கோட்டு காய்ந்திருந்தாலே ஒரு மூட்டை. நனைந்தால் கேட்க வேண்டாம். திருகை ஏழில் வைத்தார். நான் தயாராகத்தான் போனேன். இருநூறு பக்க அட்டவணைப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒரு வரைபடம் போட்டிருந்தேன். டிக்கெட் மெஷின் வந்த நாளிலிருந்து டிக்கெட் கட்டுகள் வைக்கும் கிடங்கு காலியாகக் கிடக்கிறது. ஜன்னல் உண்டு, குழாய் உண்டு, நான்கு கட்டில் போடலாம். இதை எழுந்து சொல்ல முடியாது, உட்கார்ந்தே சொல்லலாம் என்று இருந்தேன். பிரதிகளைத் தைக்க எங்கள் பெரிய ஸ்டேப்ளரையும் மடியில் வைத்து எடுத்துப் போனேன். ஒரு கிலோவுக்குக் குறையாத இரும்பு.

கூட்டம் பணிமனைக் கொட்டகையில். வண்டியில் இருப்பவர்கள் போக இருபத்தேழு பேர், தலைவர் தனி. மழைக்காக ஷட்டரை இறக்கியிருந்தார்கள். அப்போதுதான் வந்து நின்ற வண்டிகளின் சூடு வேறு. பெரியக்கா எப்போதும்போல் என் வலப்பக்கம் உட்கார்ந்து, ஸ்டேப்ளரை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

தலைவர் ஒரு காலத்தில் ஓட்டுநராக இருந்தவர், கெட்டவர் இல்லை. நேரத்துக்கு முடித்துப் பழக்கம், அவ்வளவுதான். தீர்மானத்தைப் படித்தார். அதோடு நிற்காமல், என் பெரிய மனதைப் பாராட்டினார். ஓட்டுநர்களுக்காக அறையை விட்டுக்கொடுத்து வீட்டிலிருந்து வேலை பார்க்க நானே சம்மதித்துவிட்டதாகப் பெரியக்கா சொன்னாராம். கொட்டகையே கைதட்டியது. நான் பெரியக்காவைப் பார்த்தேன்.

"மழையிலயும் வெயில்லயும் எதுக்கு அலையறே கண்ணு. நான்தான் உன் சார்பா சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஈரக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது. கோட்டைக் கழற்றுங்க என்றேன். பெரியக்கா பட்டியை அவிழ்த்து, கோட்டை உருவி, கையைத் தொட்டிலில் வைத்துத் திரும்பக் கட்டினார். அட்டவணைப் புத்தகத்தை என் கையில் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். பேச வேண்டும் என்று தலைவரிடம் சொன்னேன். எல்லாருக்கும் ஆறு மணி ஷிஃப்ட் இருக்கிறது, ஓட்டெடுப்பு முடிந்ததும் பேசலாம் என்றார். முடிந்த பிறகு பேசி என்ன செய்ய? ஆத்திரத்தில் புத்தகத்தை மேஜைமேல் போட்டேன்.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் தலைவர்.

என் கை எழுந்தது.

நான் தூக்கவில்லை. கோட்டு போய்விட்டது, புத்தகத்தின் பாரமும் போய்விட்டது, திருகு மட்டும் ஏழிலேயே நின்றது. கோபத்தில் அதை நான் அடியோடு மறந்திருந்தேன். குற்றம் என்னுடையதுதான், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கை நிதானமாக, மரியாதையாக, காது உயரத்துக்குப் போய் நின்றுகொண்டது. இறக்கப் பார்த்தேன். தூக்கத் தெம்பில்லாத தோளுக்கு ஸ்பிரிங்கை எதிர்த்து அமுக்க மட்டும் தெம்பு எங்கிருந்து வரும்? என்னை வீட்டுக்கு அனுப்பும் தீர்மானத்துக்கு என் கை ஆதரவு தெரிவித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, தானாவே தூக்குது பொண்ணு" என்று யாரோ நெகிழ்ந்தார்கள். அதைப் பார்த்து, அதுவரை யோசித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் கை தூக்கினார்கள். ஹாரனும் தூக்கினார். தலைவர் எண்ணினார். பதினாறு.

இது என் ஓட்டு இல்லை என்றேன். தலைவர் சிரித்தார். "கை மேல இருக்கேம்மா. சங்க விதியில கைதானே கணக்கு."

பெரியக்கா உதவிக்கு வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார், பழக்கப்பட்ட அதே பிடி.

"தொடாதீங்க அக்கா" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

என் கழுத்துக்கு இன்னும் பலம் இருக்கிறது. நாற்காலியில் முன்னால் சரிந்து, முகத்தைத் திருப்பி, தாடையை என் மணிக்கட்டின்மேல் வைத்து அமுக்கினேன். கை கொஞ்சம் இறங்கியது, நழுவி மறுபடி மேலே போயிற்று. மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. இரண்டாம் தடவை அமுக்கினேன். பார்க்கக் கேவலமாக இருந்திருக்கும். கோழியைப் பிடிக்கிறவளைப்போல் என் கையை நானே துரத்திக்கொண்டிருந்தேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தேன், யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை விரல்கள் மேஜையைத் தொட்டன. பக்கத்தில், மேஜை விளிம்பில் ஸ்டேப்ளர் இருந்தது. இறுக்கிப் பிடித்தேன். தாடையை எடுத்தேன். கை எழவில்லை, அந்த இரும்பை ஸ்பிரிங்கால் தூக்க முடியவில்லை.

கண்ணாடி இல்லாமல் தலைவர் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தார். அந்த மங்கலைப் பார்த்துப் பேசினேன்.

"ஒன்பது வருஷமா இந்தக் கையை வேற ஒருத்தர் தூக்கினாங்க, நீங்க எண்ணுனீங்க. இன்னிக்கு ஸ்பிரிங் தூக்குச்சு, அதையும் எண்றீங்க. ஒரு தடவை நான் தூக்கறப்ப எண்ணுங்க. நான் சம்மதிக்கல. யாரும் என்னைக் கேக்கவும் இல்ல."

பிறகு கிடங்கைப் பற்றிச் சொன்னேன். நான்கு கட்டில், ஜன்னல், குழாய். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை; நேரத்தைச் சுருக்குவது என் தொழில். தலைவர் நெற்றியைத் தேய்த்தார். மறுபடி எண்ணலாம் என்றார்.

"ஆதரிப்பவர்கள்."

ஹாரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில கைகள் எழவில்லை. பெரியக்கா தூக்கினார். ஒரு கை மட்டும். மற்றக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். பன்னிரண்டு என்று தலைவர் எண்ணினார்.

"எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்."

ஸ்டேப்ளரை விட்டேன்.

எழும் கையில் இடறி அது மேஜை விளிம்பிலிருந்து தரையில் விழுந்த சத்தம் கொட்டகை முழுவதும் கேட்டது. என் கை மேலே போயிற்று. எதிர்த்து முதலில் எழுந்த கை என்னுடையது; கொஞ்ச நேரம் அது தனியாகத்தான் நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அனுபவித்தேன். தோற்றாலும் பரவாயில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது, சத்தியமாக.

தலைவர் விடவில்லை. "இதுவும் ஸ்பிரிங்தானேம்மா தூக்குது?"

"விட்டது நான்" என்றேன்.

ஹாரன் கை தூக்கினார். "பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு நிமிஷம் நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது? மாடியிலயா?" என்றார், வழக்கமான குரலில். சிரிப்பு எழுந்தது, அதோடு கைகளும் எழுந்தன. கண்ணாடி இல்லாததால் எனக்கு எண்ணத் தெரியவில்லை. தலைவர்தான் எண்ணினார், இரண்டு தடவை. பதினைந்து.

தீர்மானம் தோற்றது. கிடங்கைச் சுத்தம் செய்வதை அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். யாரோ என் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டார்கள். உலகம் திரும்பத் தெளிவானபோது பெரியக்காவின் முகம்தான் முதலில் தெரிந்தது. மூக்கு சிவந்திருந்தது. எத்தனை பேர் நடுவில் அவரை அப்படிச் சொல்லிவிட்டேன். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் துளியும் இல்லை.

அடுத்த விஷயம் சீருடை. நீலமா, சாம்பலா. தலைவர் அதைப் படிக்க ஆரம்பித்தார். என் கை இன்னும் காது உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. இப்படியே விட்டால் நீலத்துக்கும் ஓட்டுப் போடும், சாம்பலுக்கும் போடும்.

பெரியக்கா குனிந்தார். மேஜைக்கு அடியில் தேடி ஸ்டேப்ளரை எடுத்தார். அதை என் கையில் திணிக்கப் போகிறார் என்று நினைத்தேன். திணிக்கவில்லை. மேஜைமேல், என் விரல்களுக்கு நேர் கீழே வைத்தார். வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் தாடையால் மணிக்கட்டை அமுக்கி, இரண்டு தடவை நழுவி, அதைப் பிடிக்கும்வரை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பிறகு, என்னைப் பார்க்காமலே, முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ எதுக்குப் போடப் போற? நீலமா, சாம்பலா?"

ஒன்பது வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

"யோசிச்சுட்டு இருக்கேன் அக்கா" என்றேன்.